மாசி மகத்தன்று எண்ணிய விசில்

இன்று காலையிலிருந்து எங்கள் தெருவில் குக்கர் சத்தம் ஓயவில்லை. மாசி மகம். புதுச்சேரியில் கடற்கரையிலிருந்து தள்ளி, முதலியார்பேட்டையில் இருப்பவர்கள் வீட்டுக்கும் வெளியூர்ச் சொந்தமெல்லாம் சாமி பார்க்கவென்று வந்து இறங்கிவிட்டது. எதிர் வீட்டில் ஒரு குக்கர், மாடியில் ஒன்று, பின்கட்டில் ஒன்று. நான் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எந்த விசில் யார் வீட்டுடையது என்று பிரித்துப் பார்க்க உட்கார்ந்தேன். காப்பி ஆறிப்போனதுதான் மிச்சம். பிரிக்க முடியவில்லை. அன்றைக்கு உன்னால் மட்டும் எப்படி முடிந்திருக்கும் என்று தோன்றியது. தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இருந்தபோதே என் எழுத்தைப் பார்த்து, "இன்னாடி இது, டாக்டர் எழுதுன மருந்துச் சீட்டு மாரி" என்று சிரிப்பாய். இப்போது படிக்கிற தொல்லை உனக்கு இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்ச். அதற்குப் பிறகு நீ வைத்திக்குப்பத்தில் உன் அம்மாவின் மீன் கூடையைத் தூக்கினாய், நான் லேப் டெக்னீஷியன் படிப்புக்குப் போனேன். பரிட்சையில் நான் உன்னைவிட ஒன்பது மார்க் அதிகம். அந்த ஒன்பது மார்க்கை வைத்துக்கொண்டு முப்பது வருடம் உன்னிடம் அலட்டிக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆஸ்பத்திரி லேப்பில் கிருமி வளர்க்கிறவள் என்பதால், உலகத்தில் உள்ள கிருமியெல்லாம் என்னைக் கேட்டுத்தான் நடமாடுகிறது என்கிற மாதிரி பேசுவேன். நீயும் பேச விடுவாய்.

பாட்டிலில் மீன் குழம்பு அடைத்து விற்கும் யோசனை உன்னுடையது. டவுனில் சொல்தா வீடுகள் உனக்கு வாடிக்கை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் குடும்பங்கள் அவை. பிள்ளைகள் எல்லாம் பிரான்சில். லீவுக்கு வந்து போகிறவர்கள் மசாலா, அப்பளம், வடகம் எல்லாம் கட்டிக்கொண்டு போவார்கள். "கொழம்பு மட்டும் கொண்டுபோவ முடியலையே" என்று அவர்கள் புலம்பியதை நீ பிடித்துக்கொண்டாய். குப்பத்துப் பெண்கள் நாலு பேரைச் சேர்த்து, உன் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் வேலையை ஆரம்பித்தாய். முதல் பாட்டிலை எனக்குத்தான் கொண்டுவந்தாய். வஞ்சிரம். மூடியைத் திறந்ததும் எனக்கு நாக்கில் நீர் ஊறியது. ஆனாலும் திறந்த வாயை மூடிக்கொண்டு, "இத எப்டி அடைச்ச?" என்று கேட்டேன்.

"மூணு நாளு சுண்ட வெச்சேன். காலையில ஒரு கொதி, சாயந்தரம் ஒரு கொதி. மூணாம் நாளு சூட்டோட ஊத்தி மூடிட்டேன். அதுல இன்னா உசுரு இருக்கப்போவுது?"

இருக்கும் என்றேன். சண்டை அங்கே ஆரம்பித்தது.

சில கிருமிகள் கொதியைக் கண்டால் சாகாது, தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு விதை மாதிரி கிடக்கும் என்று சொன்னேன். தண்ணீர் கொதிக்கிற சூடு அதற்கு ஒன்றுமே இல்லை. குழம்பு ஆறி, பாட்டிலுக்குள் காற்றும் இல்லையென்றால் சாவகாசமாக முளைக்கும். முளைத்து விஷம் கக்கும். அதைச் சாப்பிட்டவருக்கு முதலில் கண் இமை தொங்கும், பிறகு விழுங்க முடியாது, பிறகு மூச்சு நிற்கும். இதில் உன்னை உலுக்கியது சாவு இல்லை. "அந்த விஷத்துக்கு நாத்தம் வராது, ருசி மாறாது" என்று நான் சொன்னதுதான்.

"அதெப்டி," என்றாய். "செவுள் பாக்க முடியாத மீனா?"

உன் தொழிலே மூக்கும் கண்ணும்தான். பத்தடி தள்ளி நின்று, இது நேற்றுப் பிடித்தது, இது ஐஸில் மூன்று நாள் கிடந்தது என்று சொல்லிவிடுவாய். அந்த மூக்குக்கு வேலையில்லாத இடம் ஒன்று உண்டு என்று அன்றுதான் உனக்குத் தெரிந்தது. நம்பவில்லை. உன் குழம்பையே கொஞ்சம் எடுத்து, கிருமி வளர்க்கிற தெளிந்த சாறு உள்ள காற்றுப் புகாத குழாயில் போட்டு, லேப்பில் சூட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். ஐந்தாம் நாள் கலங்கி, நுரை கட்டி நின்றது. உன்னை வரச் சொல்லிக் காட்டினேன். இது அந்த விஷக் கிருமியா, அதன் ஒன்றுவிட்ட தம்பியா என்று எனக்குத் தெரியாது, ஆனால் மூன்று நாள் கொதிக்குத் தப்பித்தவன் என்பது மட்டும் நிச்சயம் என்றேன். நீ குழாயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாய். கோபப்படுவாய் என்று நினைத்தேன். "சரி, இத எப்டிச் சாவடிக்கிறது, சொல்லு" என்றாய்.

எனக்குப் பிடித்த பாடம். ஒவ்வொன்றாகச் சொன்னேன். டெட்டால், ஸ்பிரிட் எதற்கும் அது அசையாது. காலி பாட்டிலை அடுப்புச் சூட்டில் இரண்டு மணி நேரம் வறுக்கலாம், குழம்பை வறுக்க முடியாது. பிளீச்சிங் பவுடர் கரைசல் கொல்லும், தரைக்கு ஆகும், வயிற்றுக்கு ஆகாது. அந்தக் காலத்தில் ஒரு வழி இருந்தது. இன்று கொதிக்க வைப்பது, ராத்திரி விட்டுவிடுவது, விதை முளைத்துவிடும், முளைத்ததை நாளைக்குக் கொதியில் கொல்வது, மறுநாளும் அப்படியே. உன் சுண்டக் குழம்பும் ஏறக்குறைய அதுதான் என்று பெரிய மனது பண்ணிச் சொன்னேன்.

நீ அதைக் கடற்கரைக்குக் கொண்டுபோனாய். "அலை வந்தா நண்டு மணலுக்குள்ள பூந்துக்கும். அலை போனதும் வெளிய வரும், அப்பப் புடிப்போம். அதானே?"

"அதான்."

"வெளிய வராத நண்டு ஒண்ணு உள்ளயே கெடந்தா?"

அந்த முறையின் ஓட்டையே அதுதான். எங்கள் வகுப்பில் நாற்பது பேர் அந்தப் பாடத்தைப் படித்தோம், ஒருத்திகூட அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒன்பது மார்க் அதிகம் வாங்கியவள்.

கடைசியில் அழுத்தத்தில் வந்து நின்றோம். நீராவியைப் பூட்டி வைத்தால் கொதிநிலையைத் தாண்டி நூற்று இருபத்தொரு டிகிரி வரும். எங்கள் ஆட்டோகிளேவ் செய்வது அதைத்தான். பெரிய குக்கரும் அதே ஜாதி. மீனுக்கு எவ்வளவு நேரம் என்று விவரம் தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். நூறு நிமிடம் என்றார்கள், நடுத்துண்டின் உள் வரைக்கும் சூடு போக வேண்டுமே. நீ இருபது லிட்டர் குக்கர் வாங்கினாய்.

இங்கேதான் என் தப்பு இருக்கிறது. அதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்கூட நேராகச் சொன்னதில்லை.

கடிகாரம் பார்த்து வேலை செய்வது உன் கொட்டகையில் நடக்கிற காரியமாக இல்லை. கை முழுக்க மீன், கண் முழுக்க புகை. எப்போது வைத்தோம் என்பதே மறந்துபோகும். நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். அடுப்பை ஒரே அளவாகச் சிறிதாக வைத்தால் நாலு நிமிடத்துக்கு ஒரு விசில் வருகிறது. இருபத்தைந்து விசில், நூறு நிமிடம். ஒரு கிண்ணத்தில் இருபத்தைந்து புளியங்கொட்டை. விசில் ஒன்று வந்தால் கொட்டை ஒன்று அடுத்த கிண்ணத்துக்குப் போகும். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். நான் மொபைலில் நேரம் பார்த்தேன். நூற்று இரண்டு நிமிடம் வந்தது. "பிரமாதம்டி" என்றேன். விசில் என்பது நேரம் இல்லை, நேரத்தின் நிழல் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டியவள் நான். எங்கள் லேப்பில் யாராவது அப்படிச் செய்தால் குதித்திருப்பேன். அன்று உன் கெட்டிக்காரத்தனத்தில் மயங்கிவிட்டேன். அதோடு, வாடிக்கைக்காரர்களிடம் நீ, "எங்க லேப்பு அம்மா பாத்து சரின்னது" என்று என்னைச் சொல்லி விற்றது எனக்கு இனித்தது.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. சூட்டுப் பெட்டியில் வைத்த குழாய்கள் எல்லாம் தெளிவாகவே இருந்தன. அப்புறம்தான் அந்த மாசி மகம் வந்தது.

நீ மதாம் என்று கூப்பிடும் சொல்தா வீட்டு அம்மா அன்று சாயந்தரம் பிரான்சுக்குக் கிளம்புகிறார். மகளுக்கு ஏழாம் மாதம். அந்தப் பெண்ணுக்கு வாயில் எதுவும் பிடிக்கவில்லை, புதுச்சேரி மீன் குழம்பு வேண்டும் என்று ஒரே பிடி. பன்னிரண்டு பாட்டில். மகத்தன்று யாரும் கடலுக்குப் போவதில்லை, அதனால் முதல் நாளே மீன் வாங்கி ஐஸில் வைத்திருந்தாய். காலையில் குழம்பு கொதித்து, பாட்டிலில் இறங்கி, குக்கர் ஏறியது. குப்பமெங்கும் கூட்டம். ஊரூராகச் சாமிகள் கடற்கரைக்கு வந்துகொண்டிருக்கின்றன. உன் வீட்டில் பதினைந்து விருந்தாளி. நீ முன்பக்கம் இலை போட்டுக்கொண்டு, காதைப் பின்பக்கம் வைத்துக்கொண்டு, இடுப்பு முடிச்சில் இருந்த கொட்டைகளை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு இருந்தாய். இருபத்தைந்தும் விழுந்ததும் போய் அடுப்பை அணைத்தாய். சாயந்தரம் ஐந்து மணிக்கு மதாம் வீட்டுக் கார் வந்து பாட்டில்களை ஏற்றிக்கொண்டு போனது.

ஆறரை மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஒரு தட்டில் சுண்டல் கொண்டுவந்தாள். அவள் சொன்னதை நீ அப்படியே நடித்துக் காட்டுவாய்.

"தப்பா நெனைக்காதக்கா, கடலை கல்லாட்டம் இருக்குது. ஏழு விசில் விட்டேன். எப்பவும் அஞ்சுலயே வெந்துரும்."

வேறு யாராக இருந்தாலும் இரண்டு கடலையைக் கடித்துவிட்டு, பரவாயில்லை என்றிருப்பார்கள். நீ தட்டை வாங்கிக் கீழே வைத்தாய். நடுவில் ஒரு சுவர்தான். அவள் குக்கர் ஏழு விசில் அடிக்கவில்லை. அவள் எண்ணியதில் பாதி உன்னுடையது. அவளும் காலையிலிருந்து சோறு, பருப்பு, கடலை என்று மாற்றி மாற்றிக் குக்கர் வைத்திருந்தாள். அப்படியென்றால் நீ எண்ணியதில் எத்தனை அவளுடையது?

எனக்குப் போன் செய்தாய். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நடந்ததைச் சொன்னாய். "நூறு நிமிசம் ஆவல. அம்பதா, எழுவதா, தெரியல" என்றாய்.

நான் சொன்ன பதிலை இன்றும் மாற்றி நினைத்துப் பார்க்க முயல்கிறேன், மாறவில்லை. "விடுடி," என்றேன். "அம்பது நிமிஷமே அதிகம். அதோட நீ புளி நெறைய ஊத்துறவ. புளிப்புல அது முளைக்காது."

"எவ்ளோ புளிப்பு இருந்தா முளைக்காதுன்னு அளவு இருக்குதா?"

"இருக்கு."

"எங்கொழம்ப அளந்து பாத்தியா?"

அளக்கவில்லை. இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அளக்கவில்லை. லேப்பில் அளக்கிற தாள் ஒரு டப்பா நிறையக் கிடந்தது. "சரி, வெச்சுடுறேன்" என்று வைத்துவிட்டாய்.

சென்னை ஏர்போர்ட்டுக்குப் போகும் மதாமின் கார் அப்போது மரக்காணம் தாண்டியிருந்தது. நீ பேசியதைப் பக்கத்தில் இருந்த உன் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அந்தக் கொழம்ப எடுத்துக்கிட்டுப் போவாதீங்கம்மா. டிரைவர்கிட்டயே குடுத்து அனுப்பிடுங்க."

"ஏன், கெட்டுப்போச்சா?"

"தெரியலம்மா. அதான் வேணாங்கிறேன்."

"மோந்து பாத்தேன், நல்லாத்தானே இருக்கு. புள்ள ஆசப்பட்டுக் கேட்டிருக்கா."

"மோந்து பாத்தா தெரியாதும்மா. என் தப்பு. எண்ணிக்க தப்பிப்போச்சு."

கார் நின்றிருக்கிறது. வாக்குவாதம் நடந்திருக்கிறது. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளுக்கு இப்படியா கொடுத்து அனுப்புவாய் என்று மதாம் கேட்டதற்கு, "அதுக்குத்தாம்மா போன் பண்ணேன்" என்றாயாம். அந்தப் பேச்சில் எங்கேயும் நீ என் பெயரை எடுக்கவில்லை. விசிலை எண்ணலாம் என்று சரி சொன்னவள் நான். விட்டுவிடு என்று சொன்னவளும் நான். இரண்டையும் நீ யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் பன்னிரண்டு பாட்டிலும் திரும்பி வந்தன. ஒன்றை எனக்கு அனுப்பினாய். மீதியை அப்படியே கொட்டவில்லை, காக்காயும் நாயும் தின்னும் என்று மறுபடியும் குக்கரில் ஏற்றி, இந்த முறை கடிகாரத்தைச் சுவரில் மாட்டி, முழு நேரமும் எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அவித்துக் கொன்றுவிட்டுத்தான் குழி வெட்டிப் புதைத்தாய். அவ்வளவு நல்ல வஞ்சிரம். உன் மகள் அழுதாளாம். நீ அழவில்லை.

எனக்கு வந்த பாட்டிலைத் திறந்து சோதித்தேன். பத்து நாள் சூட்டுப் பெட்டியில் இருந்தும் குழாய் தெளிவாகவே நின்றது. ஒன்றுமே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் சொன்னதுதானே சரி. பஸ் பிடித்து உன் வீட்டுக்கு வந்தேன்.

"ஒண்ணும் முளைக்கலடி. அநியாயமாப் பொதைச்சிட்ட. மதாமுக்குப் போன் பண்ணிச் சொல்லிடு, பேராவது மிஞ்சும்."

நீ மீன் கழுவிக்கொண்டிருந்தாய். தலை நிமிரவில்லை. "அந்த ஒண்ணுல இல்ல. மத்த பதினொண்ணத் தொறந்து பாத்தியா?"

"அதத்தான் நீ பொதைச்சிட்டியே."

"தொறந்து பாத்துட்டா அப்புறம் யாருக்குக் குடுக்குறது? தொறக்காமயே எனக்குத் தெரியணும். அடுப்பாண்ட நிக்கிறப்பவே தெரியணும். அன்னிக்கி எனக்குத் தெரியல."

எங்கள் துறையில் இதைச் சொல்ல ஒரு முழு அத்தியாயம் எழுதி வைத்திருக்கிறார்கள். பொருளைச் சோதித்து நிம்மதி அடையாதே, செய்முறையைச் சரியாக நடத்து என்று. நான் அதை உருப்போட்டுப் பரிட்சை எழுதினேன். நீ மீன் செதில் ஒட்டிய கையோடு வாழ்ந்து காட்டினாய். அன்று உன்மேல் எனக்கு வந்தது மரியாதை என்றால் குறைவு. பொறாமையும் இருந்தது. உன்னைப்போல ஒருத்தி எங்கள் லேப்பில் இருந்திருந்தால் நான் இன்னும் ஒழுங்கான வேலைக்காரியாக இருந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

ஆனால் பெயர் போனது போனதுதான். வைத்திக்குப்பத்துக் குழம்பு கெட்டுப்போய் ஏர்போர்ட் வழியில் திரும்பி வந்தது என்று சொல்தா வீடுகளில் பேச்சு. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அது போகிற வேகம் உனக்குத் தெரியாததா. வெளிநாட்டுக்கு வாங்குகிறவர்கள் நின்றுபோனார்கள். கூட இருந்த நாலு பேரில் இரண்டு பேர் விலகினார்கள். நீ உள்ளூருக்கு மட்டும் கொஞ்சமாகப் போட்டாய், சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே. "கெட்டுப்போகலன்னு சொல்லேன்டி" என்று நான் நச்சரித்தபோதெல்லாம், "சொல்லிட்டுப் போவட்டும், என் தப்புதானே" என்பாய். உன் தப்பு மட்டும் இல்லை என்று நான் அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரிவரைக்கும் போகும், லேப்பு அம்மா என்கிற பெயருக்கு என்ன ஆகும் என்கிற பயம். உன் பெயர் போனதைப் பார்த்துக்கொண்டே என் பெயரைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

அப்புறம் நாலு வருடம் இருந்தாய். ஐப்பசி மழையில் ஒரு நாள், கூடையை இறக்கி வைத்துவிட்டு, மார் அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அன்றும் நான் டியூட்டியில் இருந்தேன். போன் வந்தபோது கையுறையைக் கழற்றத் தெரியாமல் நின்றேன்.

நாலு நாள் முன்பு பெரிய மார்க்கெட்டில் மதாமைப் பார்த்தேன். இறால் வாங்கிக்கொண்டிருந்தார். கூடவே ஐந்து வயதுப் பேத்தி, தரை ஈரத்தில் செருப்பை வழுக்கி விளையாடிக்கொண்டிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். நீ இல்லை என்று நான் சொன்னதும் வருத்தப்பட்டார், உண்மையாகவே. பிறகு சொன்னார்:

"நல்ல பொம்பள. ஆனா சுத்தம் பத்தாது பாருங்க. ஒரு தடவ எனக்குக் குடுத்த கொழம்பு கெட்டுப்போச்சு."

சுற்றிலும் மீன்காரிகள், கத்தி, தராசு. அதில் இரண்டு பேர் உன் குப்பம். அவர்களுக்கும் கேட்கும்படியாகத்தான் பேசினேன்.

"கெட்டுப்போவலம்மா. ஒரு பாட்டில நான் பிரிச்சு சோதிச்சேன், ஒண்ணும் இல்ல. அவளுக்குச் சந்தேகம், அதனால திருப்பிக் கேட்டா. அந்த விசில் கணக்கு சரின்னு சொன்னது நான்தான். அன்னிக்கி சாயந்தரம், பரவால்ல விட்டுடுன்னு சொன்னதும் நான்தான். படிச்ச நான் விடச் சொன்னேன். அவ விடல. உங்க மக வயித்துல புள்ள இருக்குன்னு விடல."

இறால்காரி தராசைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். மதாம் பேத்தியைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இத ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்டார்.

உன் மகள் இன்னும் குழம்பு போடுகிறாளா என்று கேட்டார், போடுகிறாள் என்றேன், நம்பர் வாங்கிக்கொண்டு போனார். அப்போதே ஏன் சொல்லவில்லை என்கிற கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. இந்த நாலு நாளும் லேப்பில் எந்தத் தாளில் கையெழுத்துப் போடும்போதும் அதுதான் எதிரில் நிற்கிறது. இனிமேலும் நிற்கும், நிற்கட்டும்.

சுண்டல் தட்டைக் கீழே வைத்ததிலிருந்து மதாமுக்குப் போன் போட்டது வரைக்கும், நடுவில் என்னோடு பேசிய நேரத்தையும் சேர்த்து, உனக்குப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எனக்கு ஆறு வருடம் ஆயிற்று.